அந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் இருக்கிறது?

“முதல் ஆல்பத்தோடவே அவங்க முடிஞ்சுட்டாங்க மாப்ள.”

திருவையாற்றில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு நான் சொன்னது இது. 2025. அகம் இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பத்துப் பாட்டுகள் வர ஆரம்பித்திருந்தன. நண்பன் தன் போனில் ‘மோக்ஷமு கலதா’வைப் போட்டுக் காட்டினான். நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, பாதிப் பாட்டு காதில் விழவே இல்லை. இரண்டு நிமிடம் கேட்டிருப்பேன். அதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். அவன் வாதாடவில்லை. “உனக்கு அப்படித் தோணுதா? சரி” என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். பேசாததால் அந்த வாக்கியம் என்னிடமே தங்கிவிட்டது. வண்டி ஓட்டும்போது வரும், சாப்பிடும்போது வரும். உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறேனா? அப்படியென்றால் ஏன்? பதில் தெரியாமல் பல வாரங்கள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அந்த வாரங்களில் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

அகத்தைப் பற்றி இங்கே அறிமுகம் தேவைப்படாது. பெங்களூர்க்காரர்கள். கர்நாடக சங்கீதத்தை ராக் இசையோடு சேர்த்து வாசிப்பவர்கள். 2007-இல் சன் டிவி போட்டியில் அவர்கள் ஜெயித்தபோது எனக்கு 14 வயது. அதைப் பார்த்த ஞாபகம்கூட இல்லை. எனக்கு அவர்கள் வந்து சேர்ந்தது கல்லூரியில், ஒரு மெமரி கார்டு வழியாக. ஹாஸ்டல் பையன் ஒருவன் ப்ளூடூத்தில் அனுப்பிய ஏழெட்டுப் பாட்டுகள். கோப்பின் பெயரில் பாட்டின் பெயர் பாதி இருக்கும், மீதி ஏதோ எண்கள். எந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று அப்போது யார் பார்த்தார்கள்? தினமும் காலையில் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்து. 13 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ஐந்து பாலங்கள். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. மல்ஹார் பாட்டை காவிரிப் பாலத்தில் ஆரம்பித்தால் வெட்டாறு தாண்டும் வரைக்கும் வரும். எந்த ஸ்வரக்கோர்வை வரும்போது பேருந்து எந்த வளைவில் திரும்பும் என்று எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் அந்த வளைவில் வண்டி திரும்பினால் காதில் எதுவும் இல்லாமலே அந்தக் கோர்வை ஓடும்.

வாசலில் இருந்த சங்கீதம்

திருவையாற்றில் பிறந்து வளர்ந்தவன் இந்தப் பாட்டுகளைக் கேட்க ஏன் பெங்களூரிலிருந்து ஒரு ராக் குழு வரவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொரு வருடமும் மார்கழி, தை வாக்கில் தியாகராஜர் ஆராதனை நடக்கும். பந்தல் போடுவார்கள், ஒலிபெருக்கி கட்டுவார்கள், ஊர் முழுக்க நாள் பூராவும் கச்சேரி கேட்கும். தியாகராஜர் மறைந்த திதியான பகுள பஞ்சமி அன்று காலையில் நூற்றுக்கணக்கான வித்வான்கள் எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். நாட்டையில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் முடியும். நான் அதைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே கரும்புச் சாறு விற்கிற இடத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு நெல் வியாபாரம். எங்கள் வீட்டில் யாரும் பாட்டுக் கற்றுக்கொண்டதில்லை. உள்ளே போகாதே என்று யாரும் தடுக்கவில்லை, சொல்லப்போனால் எல்லோருக்கும் திறந்த பந்தல்தான் அது. ஆனாலும் எங்கள் தெருப் பையன்கள் யாரும் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. அது எங்களுக்கானது என்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

19 வயதில் பேருந்தின் கடைசி சீட்டில் ‘பண்டுரீதி கொலு’வை அகம் பாடிக் கேட்டபோதுதான் அது மாறியது. முதல் ஆல்பத்தில், ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ என்ற தலைப்பில் இருக்கும் பாட்டு. ட்ரம்ஸும் கிடாரும் எனக்குப் பழக்கமான வாசலாக இருந்தன. அந்த வழியாக உள்ளே போனால் ஹம்சநாதம் ராகம் உட்கார்ந்திருந்தது. தெலுங்கு தெரியாது. பிற்பாடு அர்த்தத்தைத் தேடிப் படித்தபோது ஆடிப்போனேன். ராமனிடம் வேலை கேட்கிற பாட்டு அது. உன் சபையில் ஒரு காவல்காரன் உத்தியோகம் கொடு என்கிறார் தியாகராஜர். மெய்சிலிர்ப்பே கவசம், ராமபக்தன் என்ற பெயரே சேவகன் அணியும் முத்திரை வில்லை, ராமநாமமே வாள் என்று தன் தகுதிகளையும் சொல்கிறார். நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்த வருடம் அது. நேர்முகத் தேர்வு முடிந்து சென்னையிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் இரவு ரயிலில் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சமாதியில் இருப்பவர் எழுதியது, இத்தனை வருடம் கழித்து என் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பழசு நல்லா இருந்தது’ என்று நான் சொல்லும்போது இந்த ரயிலும் பேருந்தும் எல்லாம் அதற்குள் ஏறிக்கொள்கின்றன. புதிய ஆல்பத்தை எந்தத் தட்டில் வைத்தாலும் எதிர்த்தட்டில் என் 19 வயது உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இது எனக்கு முன்பே தெரியும். இளவயதில் கேட்டது எல்லோருக்கும் பெரிதாகத்தான் தெரியும் என்று சொல்லி முடித்துவிட்டால் அந்த வாக்கியம் என்னை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

தங்கைக்காகப் போட்ட பட்டியல்

என் தங்கை என்னைவிட பத்து வயது சின்னவள். தஞ்சாவூரில் வேலை. சாயங்காலம் இருவரும் பல நாள் ஒரே பேருந்தில்தான் வருவோம். அவளுக்கு அகம் அறிமுகமானதே புதிய ‘மோக்ஷமு கலதா’ வழியாகத்தான். அதில் பாடியிருக்கும் பாடகி சித்ராவின் குரலைத் தேடிப் போனவளுக்கு இந்தக் குழு கிடைத்திருக்கிறது. ஒரு நாள் என் பழைய பாட்டு ஒன்றைக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அண்ணே, தப்பா நினைக்காத. குடத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அது மெமரி கார்டு காலத்துக் கோப்பு, ஒலித்தரம் மோசம், அதனால்தான் அப்படி இருக்கிறது என்று சொல்லி, முதல் ஆல்பத்திலிருந்து முறையான பட்டியல் ஒன்று போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்தேன். முதல் பாட்டாக எது இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘மனவ்யாலகிஞ்சரா’. நளினகாந்தி ராகம். என்னைக் கேட்டால் அந்தக் குழு செய்ததிலேயே உச்சம் அதுதான். நண்பர்களிடம் “முதல் ஆல்பம் மாதிரி வருமா” என்று நான் சண்டை போட்ட ஒவ்வொரு முறையும் என் மனசுக்குள் ஓடியது இந்தப் பாட்டு. 2012-இல் வந்த ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ ஆல்பத்தைத் திறந்து தேடினேன். இல்லை. தளத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து வேறொரு தளத்தில் பார்த்தேன். அங்கும் இல்லை. பிறகு பாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் ‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’ என்ற தலைப்பில் வந்து நின்றது. ஆல்பம்: ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’. வருடம்: 2017.

இரண்டாவது ஆல்பம். அது வந்தபோது எனக்குப் பிடிக்காமல் போன ஆல்பம்.

பிடிக்கவில்லை என்பது ஞாபகம் இருந்தது. என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. அந்த வருடம் ஃபேஸ்புக்கில் எழுதியதைத் தேடி எடுத்தேன். நான்கே வரி. எல்லாவற்றையும் வழவழவென்று தேய்த்துவிட்டார்கள், முதல் ஆல்பத்தின் பசி இதில் இல்லை, இனி இவர்களிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். எட்டு வருடம் கழித்து டீக்கடையில் சொன்னதும் அதேதான். எந்தப் பாட்டை வைத்துக்கொண்டு புதிய ஆல்பத்தை மட்டம் தட்டினேனோ, அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பத்தையும் அது புதிதாக வந்தபோது இதே சொற்களால் மட்டம் தட்டியிருக்கிறேன். அந்த நான்கு வரியைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

குழப்பம் எங்கே நடந்தது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. 2017-க்கு முன்பே இந்தப் பாட்டை அவர்கள் கப்பா டிவியின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சியில் வாசித்திருந்தார்கள். மல்ஹாரையும் அங்கே வாசித்தார்கள், படகுப் பாட்டையும் வாசித்தார்கள். எனக்கு ப்ளூடூத்தில் வந்து சேர்ந்த கோப்புகளில் பெரும்பாலானவை அந்த வீடியோக்களிலிருந்து எடுத்தவை. ஆல்பத்துக்காகப் பதிவு செய்தவையும் நேரடியாக வாசித்தவையும் கலந்து ஒரே ஃபோல்டரில் கிடந்தன. அந்த ஃபோல்டருக்கு நான் மனசுக்குள் வைத்த பெயர் ‘முதல் ஆல்பம்’.

மறுநாள் 2012 ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். முழுதாகக் கேட்பது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். நன்றாக இருந்தது. தனஸ்ரீ தில்லானா இன்றைக்கும் அப்படியே எழுப்பி உட்காரவைக்கிறது. ஆனால் மல்ஹார் வந்தபோது நான் எதிர்பார்த்த சூடு எதிர்பார்த்த இடங்களில் இல்லை. கட்டுக்கோப்பாக, அடக்கமாக இருந்தது. என் பேருந்தில் ஓடிய மல்ஹார் இது இல்லை. கப்பா டிவியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தது அது. பன்னிரண்டு வருடமாக நான் தராசில் வைத்துக்கொண்டிருந்த பழைய ஆல்பம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பாரி

நரசிங்கம்பேட்டையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கும்பகோணம் மயிலாடுதுறைப் பாதையில், நாகஸ்வரம் செய்கிற ஊர். 2022-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த நாகஸ்வரம். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனபோது ஒரு பட்டறை வாசலில் நின்று, பழைய ஆச்சா மரக் கட்டையைக் கடைந்துகொண்டிருந்தவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு நாம் கல்யாணத்திலும் கோயிலிலும் கேட்கிற பாரி நாகஸ்வரம், நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தது. அதற்கு முன்னால் இருந்தது திமிரி. குட்டையானது, சுருதி அதிகம், கூர்மையான ஓசை. அதில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசாது என்பது பிள்ளைக்குப் பெரிய குறை. நீளத்தைக் கூட்டி, சுருதியைக் குறைத்து, அந்த மத்யமம் சுத்தமாக விழுகிற வரைக்கும் ஆசாரியோடு சேர்ந்து மெனக்கெட்டிருக்கிறார். அவருடைய தோடி ராகம் என்றால் நமக்குக் காதில் வருவது அந்தப் பாரியின் ஓசைதான்.

எனக்கு யோசனை வேறு பக்கம் போனது. திமிரியின் கூர்மையில் வளர்ந்த காது ஒன்று அந்தக் காலத்தில் ஏதோ ஒரு தேரடியில் நின்று முதல் முறையாகப் பாரியைக் கேட்டிருக்கும். அதற்கு அந்தக் கனமான, இறங்கிய சுருதி எப்படி இருந்திருக்கும்? ‘பழைய காரம் போய்விட்டது’ என்று அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் அவரை நான் குறை சொல்வேனா? மாட்டேன். காரம் குறைந்தது உண்மைதானே. ஆனால் பிள்ளைக்குத் தேவைப்பட்டது ஒரு மத்யமம். எதற்காக மாற்றினார் என்பது தெரிந்தபின் கேட்டால்தான் அந்த மாற்றத்தை எடைபோடவே முடியும். புதிய ஆல்பத்தை வைத்துக்கொண்டு நான் இதுவரை கேட்காத கேள்வி இது. எதற்காக இவ்வளவு பெரிதாக்கினார்கள்?

ஏனென்றால் பெரிதுதான் அது. சிம்பொனி அளவுக்கு வாத்தியங்கள், கூட்டுக் குரல்கள். தஞ்சாவூர்க்காரனுக்கு மேற்கத்திய வாத்தியத்தைப் பார்த்து முகம் சுளிக்க உரிமை கிடையாது, அதுவும் தெரியும். சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே பேண்டு வாத்தியம் வைத்திருந்த ஊர் இது. அந்த மாதிரி மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதி 200 வருடம் ஆகிறது. ஆகவே வயலின் கூட்டம் என் பிரச்சினை இல்லை.

மேட்டூரைத் திறந்து தண்ணீர் ஊருக்கு வந்துவிட்டிருந்த ஒரு ராத்திரி, புஷ்ய மண்டபப் படித்துறையில் போய் உட்கார்ந்து ‘மோக்ஷமு கலதா’வை முழுக்கக் கேட்டேன். லாரி சத்தம் இல்லாமல், ஹெட்போன் போட்டுக்கொண்டு, நான்கு முறை. சாரமதி ராகம். ஏறும்போது ஏழு ஸ்வரமும் உண்டு. இறங்கும்போது பஞ்சமமும் ரிஷபமும் கிடையாது. படி இறங்குகிறவன் இரண்டு படியைத் தாண்டி இறங்குகிற மாதிரி, அந்த இறக்கத்தில் ஒரு வெறுமை இருக்கும். அந்த ராகத்தின் ஏக்கமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். புதிய பாட்டில் வாத்தியங்கள் பொங்கி வரும் இடங்களில் அந்த வெறுமை நிரம்பிவிடுகிறது. எனக்கு அது உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. வேறு யாராவது அதுதான் அழகு என்றால் மறுக்கமாட்டேன், ஆனால் என் காது ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் சித்ராவின் குரல் வரும் இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். டீக்கடையில் இந்த இடம் வரைக்கும் நான் கேட்டிருக்கவே இல்லை. அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கு நடுவில் அந்தக் குரலுக்கு இடம் விட்டு எல்லாம் விலகி நிற்கிறது. பாட்டின் அர்த்தமும் அப்போதுதான் எனக்கு முழுசாக வந்து சேர்ந்தது. பக்தியோடு சேர்ந்த சங்கீத ஞானம் இல்லாதவர்களுக்கு மோட்சம் உண்டா என்று கேட்கிறார் தியாகராஜர். அதற்கப்புறம் நாதம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறார். மூச்சும் நெருப்பும் சேர்ந்து பிரணவ நாதமாகி, அதுவே ஏழு ஸ்வரமாக விரிகிறதாம்.

மூச்சு. நான் இத்தனை வருடம் ‘பசி’ என்றும் ‘சூடு’ என்றும் ‘பழசு’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அந்தப் படியில் வைத்துப் புரிந்தது. கப்பா டிவி வீடியோவில் அகத்தின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் நீண்ட சங்கதிக்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்கும். அது கேட்கும் பாட்டெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது, எந்த வருடத்தில் வந்திருந்தாலும். சித்ரா பாடும் இடத்திலும் அது கேட்டது. வாத்தியங்கள் எழும்பும் இடங்களில் கேட்கவில்லை. இதை நண்பனிடம் போனில் சொன்னேன். முடிஞ்சுட்டாங்க என்று சொன்னதற்கு வருத்தமும் சொன்னேன். “அப்ப இந்தப் பாட்டு புடிச்சிருக்குங்கிறியா?” என்றான். பாதி பிடித்திருக்கிறது என்றேன். “பாதி போதும். மீதிய நேர்ல வந்து சண்டை போடுவோம்” என்றான்.

இந்த வருட ஆராதனைக்கு முதல் முறையாகப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தேன். பின்வரிசைதான். சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாள் சிலை இருக்கிறதே, அந்த அம்மாளும் பெங்களூர்தான். தன் சொத்தை விற்று இந்தச் சமாதியைக் கட்டி, பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த இடத்தில் பெண்களைப் பாடவைத்தவர். சிறுவயதில் அந்தச் சிலையை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், மேடையில் பஞ்சரத்னத்தின் ஆரபி ராகக் கீர்த்தனை பாடும்போது தொடையில் தாளம் போட்டபடியே “ஓட்டறா, ஓட்டறா” என்று முனகிக்கொண்டிருந்தார். வேகமாகப் பாடுகிறார்களாம். அவர் மனசுக்குள் எந்த வருடத்து ஆரபி ஓடியதோ.

தங்கைக்குப் பட்டியல் கடைசியில் கொடுக்கத்தான் செய்தேன். முதல் ஆல்பம் என்று பெயர் போடவில்லை. நேரடியாக வாசித்த மல்ஹாரை நல்ல ஒலித்தரத்தில் தேடி எடுத்து அதில் முதலில் வைத்தேன். சென்ற வாரம் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு உயிரான ஸ்வரக்கோர்வை வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வெட்டாற்றுப் பாலம் தாண்டியதும் திடீரென்று நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி கேட்டாள். மறுபடியும் பின்னால் தள்ளினாள்.

“என்ன?” என்றேன்.

இயர்போன் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். “இங்க பாரு, பாடுறவர் இழுத்து முடிக்கிற வரைக்கும் ட்ரம்ஸ்காரர் கைய ஓங்கிட்டு அடிக்காம நிக்கிறார் போல. ஒரு நொடிதான். கேக்குதா?”

குடமுருட்டிப் பாலம் வரும்வரை அந்த ஒரு நொடியை மூன்று முறை கேட்டேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் காதில் விழாத இடம்.